கம்ப்யூட்டருக்குள் ஒரு பல்லி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களை ஒன்று கேட்கிறேன். ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கிற ஒரு பழைய கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் உங்கள் கை முதலில் எங்கே போகிறது? எனக்குத் தெரியும், பைக்குள்தான் போகும். ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகி, ஒரு சோதனையை ஓட்டி, திரையில் சிவப்பாக நாலு வரி வந்தால்தான் உங்களுக்கு மனசு ஆறும். அப்புறம் வாடிக்கையாளர் பக்கம் திரும்பி, "டிஸ்க் போயிடுச்சு சார்" என்று தீர்ப்பு சொல்வீர்கள். அடப் பாவிகளா, போய்விட்டது என்று அந்த மனுஷனுக்கே தெரியுமே. அதனால்தானே உங்களைக் கூப்பிட்டார்?

நான் திருவண்ணாமலையில் இந்த வேலையில் இறங்கியது எண்பத்தொன்பதில். அப்போது ஊரில் கம்ப்யூட்டர் இருந்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். இப்போது ஓய்ந்து வீட்டில் இருக்கிறேன். ஒரு குறையும் இல்லை. நல்லா சாப்பிடுகிறேன், நல்லா தூங்குகிறேன், அவ்வப்போது உங்கள் கடைக்கு வந்து உங்கள் வேலையைக் கெடுக்கிறேன். நீங்களும் முகம் கோணாமல் காபி வாங்கிக் கொடுக்கிறீர்கள். அந்தக் காபிக்காக இந்தக் கதை.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. தேரடித் தெருவில் மாடியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. அதன் முதலாளி ஏகாம்பரம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நல்ல வேலைக்காரர், தங்கமான மனுஷன், ஆனால் சகுனம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ராகு காலத்தில் பேனா மூடியைக்கூடத் திறக்க மாட்டார். அவருடைய கம்ப்யூட்டர் நான் விற்றதுதான். வாங்கும்போதே நல்ல நேரம் பார்த்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் பூசிப் பூசி, அந்தப் பெட்டியின் உண்மையான நிறம் என்னவென்றே மறந்துவிட்டது.

ஐப்பசிப் பௌர்ணமி அன்று மதியம் போன் வந்தது.

"சார், கொஞ்சம் வந்துட்டுப் போங்க. சிஸ்டம் படுத்துடுச்சு. இங்க ரெண்டு பொம்பளைங்க ஒக்காந்து அழுவுறாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

பௌர்ணமி என்றால் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிரிவலக் கூட்டம் அலைமோதும், வண்டியை ஊருக்குள் விட மாட்டார்கள். என் கடை அப்போது வேங்கிக்கால் போகிற சாலையில் இருந்தது. நடந்தே போனேன்.

மாடி ஏறினால், அருவியும் மானும் வரைந்த படுதாவுக்கு முன்னால், போட்டோவுக்கு உட்காருகிற பெஞ்சில் ஒரு அம்மாவும் பொண்ணும் இருந்தார்கள். பொண்ணு கோமதி. கழுத்தில் தாலிக்கயிறு இன்னும் மஞ்சளாகவே இருந்தது, ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அம்மா அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக, டீயும் இட்லியும் போடுகிற சின்னக் கடை வைத்திருப்பவர். வீட்டுக்காரர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. அந்த இட்லிக் கடையிலேயே பெண்ணை எம்.எஸ்சி. வரைக்கும் படிக்கவைத்திருந்தார். மாப்பிள்ளை அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு லீவு தீர்ந்து போய்விட்டார். கோமதி போய்ச் சேர விசா வேண்டும். மறுநாள் புதன்கிழமை காலையில் சென்னையில் நேர்முகம்.

"கல்யாண ஆல்பத்த கையோட எடுத்துட்டு வரணும்னு சொல்லியிருக்காங்க சார்," என்றாள் கோமதி. "நெஜமாவே கல்யாணம் ஆச்சான்னு போட்டோவ பாத்துத்தான் நம்புவாங்களாம். இது கைவிட்டுப் போச்சுன்னா திரும்ப எப்ப தேதி கெடைக்கும்னு தெரியாது. அவரு அங்க, நான் இங்க."

"ஆல்பம் எங்க?" என்று ஏகாம்பரத்தைக் கேட்டேன்.

அவர் கம்ப்யூட்டரைக் கை காட்டினார். கதை இதுதான். அதுவரை எந்தக் கல்யாணத்துக்கும் பிலிம் கேமராவும் கூடவே வைத்து எடுப்பார். டிஜிட்டல் கேமரா வாங்கிய தெம்பில், முதல் முறையாக கோமதி கல்யாணத்தை முழுக்க டிஜிட்டலிலேயே எடுத்துவிட்டார். கேமரா கார்டிலிருந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். கார்டை அழித்துவிட்டு அடுத்த முகூர்த்தத்துக்குக் கொண்டு போய்விட்டார். ஆல்பம் வடிவமைக்க நேரம் கிடைக்காமல் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். ஸ்டூடியோக்காரர்கள் ஆல்பத்தைச் சொன்ன தேதிக்குக் கொடுத்ததாகச் சரித்திரம் உண்டா? ஆக, அந்தக் கல்யாணம் நடந்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தச் சந்தனம் பூசிய பெட்டி.

"கவலப்படாதீங்க, நடக்கும்," என்று சும்மா ஒரு வார்த்தைக்குச் சொன்னேன்.

உடனே, டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம்.

அந்த அம்மா முகம் மலர்ந்து போய், "சிவ சிவா" என்று மேசையை விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டினார். அதே நேரத்தில் ஏகாம்பரமும் எதிர்ப்பக்கம் தட்டினார். "பாத்தீங்களா சார், நீங்க சொன்னீங்க, பல்லியும் சொல்லிடுச்சு. ஈசானி மூலை. நல்ல வாக்கு."

நான் சுவரைப் பார்த்தேன். டியூப் லைட் பின்னால் பார்த்தேன். படுதாவை விலக்கிப் பார்த்தேன். பல்லி இல்லை.

"இந்தப் பல்லிய யாராவது கண்ணால பாத்திருக்கீங்களா?"

"அது எங்கயோ கூரைக்குள்ள கெடக்குது சார். ஆடி மாசத்துலேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்குது. இவங்க ஆல்பத்துக்கு ஆர்டர் குடுக்க வந்தப்பகூட சொல்லிச்சே."

"ஆமா சார்," என்றார் அம்மா. "எம்பொண்ணு நல்லா இருப்பாளான்னு மனசுல நெனச்சேன், ஒடனே சொல்லிச்சு. விசா கெடைக்குமான்னு நெனச்சேன், அதுக்கும் சொல்லிச்சு. அந்தத் தெகிரியத்துலதான் நான் சோறு துன்றேன்."

மறுபடியும் டிக் டிக் டிக். மறுபடியும் இரண்டு பேரும் மேசையைத் தட்டினார்கள். மேசை மேல்தான் கம்ப்யூட்டர் இருக்கிறது. குனிந்து பெட்டியோரம் காதை வைத்துக் கேட்டேன்.

உங்களுக்குத் தெரியும், இந்தக் கதையைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு ஊசி மாதிரி கை அதன் மேல் உரசாமல் அலைந்து படிக்கும். படிக்க வேண்டிய இடம் கிடைக்காவிட்டால், அந்தக் கை வீட்டுக்குத் திரும்பி வந்து மறுபடியும் கிளம்பும். திரும்பி வருகிற ஒவ்வொரு முறையும் ஒரு டிக். ஆரோக்கியமான டிஸ்க் இந்தச் சத்தம் போடாது. அப்படிப்பட்ட நோயாளியை ஆடி மாதத்திலிருந்து ஐப்பசி வரைக்கும், அது முனகும்போதெல்லாம் இவர்கள் பக்தியோடு குட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்! நம் ஊரில் மட்டுமே டிஸ்க்குக்கு இப்படி ஒரு சாவு வரும்.

நான் முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது.

"ஏங்க, இன்னாத்துக்கு ஆஃப் பண்ணீங்க?" என்று பதறினார் ஏகாம்பரம். "பக்கத்து பிரௌசிங் சென்டர் தம்பி, ஸ்கேன் ஓட்டினா சரியாயிடும்னு சொல்லிச்சு. காலையிலேர்ந்து ஓட்டிக்கிட்டு இருக்கேன். பாதியிலயே நிக்குது, திருப்பியும் போடுறேன்."

"அண்ணே, மூச்சு வாங்குற மனுஷன மலை ஏறச் சொல்றீங்க. போதும்."

இப்போது அந்த அம்மாவிடம் என்ன சொல்வது? அவருக்கு இருந்த ஒரே தைரியம் அந்தப் பல்லி. சொல்லாமல் மழுப்பலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர் மறுபடியும் மேசையைத் தட்டினால் எல்லாம் போச்சு. உள்ளதைச் சொல்லிவிட்டேன். பல்லி இல்லைம்மா, இந்தப் பெட்டிக்குள் இருக்கிற தட்டு கெட்டுப்போய் போடுகிற சத்தம் என்று.

அவர் கோபப்படுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து வந்து அந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்ப மூணு மாசமா இதுவா கத்திக்கிட்டு இருந்துச்சு? என்ன காப்பாத்து, என்ன காப்பாத்துன்னு? நாம கேக்காம தட்டிக்கிட்டு இருந்தோமா?" என்றார். "ஐயோ பாவம் சார்."

எத்தனையோ பேருக்கு எத்தனையோ டிஸ்க் பற்றி விளக்கம் சொல்லியிருக்கிறேன். ஒருத்தர்கூட டிஸ்க்குக்காகப் பாவப்பட்டது கிடையாது. அந்த இடத்திலேயே, இந்த அம்மாவின் வேலையை எப்படியாவது முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது.

என் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அந்த டிஸ்க்கில் விண்டோஸும் இருக்கிறது. அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கினால், தொடங்குவதற்குள்ளேயே அது செத்தாலும் சாகும். வேறு ஒரு கம்ப்யூட்டரில் இதை இரண்டாவது டிஸ்க்காக மாட்டிப் படங்களை மட்டும் எடுக்க வேண்டும். அந்த வேறு கம்ப்யூட்டர் என் கடையில் இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டு போகலாம், ஆனால் வெளியே பௌர்ணமிக் கூட்டம். யாராவது ஒருத்தர் முழங்கையால் இடித்தால் போதும். அதனால் டிஸ்க்கை அசைக்கக் கூடாது, கம்ப்யூட்டரைத்தான் இங்கே கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கிளம்பும்போது ஏகாம்பரம் தயங்கித் தயங்கி, "சார், செவ்வாக்கிழமை. மூணு மணிக்கு ராகு காலம் ஆரம்பிச்சிடும். நாலரைக்கு மேல போட்டா பரவால்லையா?" என்றார்.

இந்த இடத்தில் உங்களில் பாதிப் பேர் அவரிடம் சண்டைக்குப் போயிருப்பீர்கள். விஞ்ஞானம் பேசியிருப்பீர்கள். நான் சரி என்றேன். காலையிலிருந்து ஓடிச் சூடேறிக் கிடந்த டிஸ்க், ஆறட்டும். போய்த் திரும்ப எனக்கும் அவ்வளவு நேரம் ஆகும். அவருக்கு அது ராகு காலம், எனக்கு அது டிஸ்க் இளைப்பாறுகிற நேரம். வாடிக்கையாளரின் நம்பிக்கை உங்கள் வேலையைக் கெடுக்காத வரைக்கும் அதோடு மோதாதீர்கள். அதனால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

கடைக்குப் போய் என் கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன். அந்தக் கூட்டத்தில் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வர முடியாது. வெறுங்காலோடு வெளியூர்க்காரர்கள் சாரி சாரியாக வந்துகொண்டிருந்தார்கள். துண்டு சுற்றிய பெட்டியைத் தலையில் பார்த்ததும் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து வழிவிட ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒருத்தர் கூடவே நடந்து வந்து, "சாமி, உள்ள இன்னா?" என்று பயபக்தியோடு கேட்டார். கம்ப்யூட்டர் என்றேன். "அருணாசலா," என்று அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தால் பெட்டி ஆடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

நாலரை மணிக்கு ஏகாம்பரம் சூடம் காட்டினார். சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து, டிஸ்க்கைக் கழற்றி, ஆடாமல் இருக்க மடித்த துண்டின் மேல் படுக்கவைத்தேன். மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினேன். என் கம்ப்யூட்டரோடு இணைத்துத் தொடங்கினேன். முதல் தடவை டிஸ்க் இருப்பதாகவே காட்டவில்லை. அணைத்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் போட்டேன். காட்டியது. கோமதி பெருமூச்சு விட்டது என் பிடரியில் பட்டது.

"எல்லாத்தையும் செலக்ட் பண்ணிக் காப்பி குடுங்க சார்," என்றார் ஏகாம்பரம்.

"குடுத்தா, கெட்டுப்போன எடத்துல போய் மாட்டிக்கிட்டு அங்கயே உயிரை விடும். அண்ணே, இது ஒரு மூச்சுதான் ஓடும்னு வெச்சுக்குங்க. எது மொதல்ல வேணும், அத சொல்லுங்க."

இங்கேதான் பெரிய சிக்கல். படங்களுக்குப் பெயர் கிடையாது, வெறும் எண்கள். பார்த்து எடுக்கலாம் என்றால், படங்களைச் சின்னச் சின்னதாகத் திரையில் காட்டுவதற்குக்கூட கம்ப்யூட்டர் ஒவ்வொன்றையும் டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டும். படிக்கப் படிக்க டிஸ்க்கின் ஆயுசு குறையும். அதனால் வெறும் எண்ணும், எடுத்த நேரமும் தெரிகிற மாதிரி பட்டியலை மட்டும் திறந்தேன்.

"அண்ணே, உங்க கேமரா கடிகாரம் சரியா இருக்குமா?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னா சார் கேட்டுட்டீங்க? ராகு காலம் எமகண்டம் பாக்குறவன் நான். ரேடியோ டைமுக்கு வெச்சிருக்கேன். ஒரு நிமிஷம் மாறாது."

பாருங்கள், எந்தப் பழக்கம் டிஸ்க்கைக் குட்டிக் குட்டிக் கொன்றதோ அதே பழக்கம் எங்களுக்கு வழியும் காட்டியது. எனக்குச் சந்தோஷத்தில் அவர் முதுகில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. கல்யாணத்தில் எது எந்த நேரத்தில் நடந்தது என்று இந்த மூன்று பேருக்கும் மனப்பாடமாகத் தெரியும். படத்தைப் பார்க்காமலே எடுத்துவிடலாம்.

"தாலி கட்றத மொதல்ல எடுங்க சார்," என்றார் அம்மா. "மங்களமா ஆரம்பிக்கணும்."

ஏகாம்பரமும் தலையாட்டினார். நானும் அதைத்தான் நினைத்தேன். கோமதி குறுக்கிட்டாள்.

"அம்மா, அதுல எம்மூஞ்சி எங்க தெரியும்? தலையக் குனிஞ்சிருப்பேன். சுத்தி நாத்தனாருங்க கையும் மாலையும்தான் இருக்கும். விசா ஆபீசர் என் ஜடைய வெச்சா என்ன கண்டுபுடிப்பாரு?"

நாற்பது வருஷம் கேமரா பிடித்தவருக்கு அது உறைத்தது. நம் ஊரில் தாலி கட்டுகிற படத்தில் பெண்ணின் முகம் தெரிந்து யார் பார்த்தது?

ஆக, தாலி கட்டி முடித்து மாலை மாற்றிக்கொண்டு இரண்டு பேரும் நேராகப் பார்த்து நிற்கிற நேரம். அதை முதலில் எடுத்தோம். நாலைந்தாக, கொஞ்சம் கொஞ்சமாக. வந்தது. அடுத்து மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் மேடையில் நின்ற நேரம். அதுவும் வந்தது. பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுத்த மாமாவும் மாமியும் நின்றது. வரும்போது டிக் என்றது. அம்மாவின் கை பழக்கத்தில் மேசைக்கு மேலே எழுந்துவிட்டது. இன்னொரு கையால் அதை எட்டிப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டார். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. திரையில் காப்பி ஆவதைக் காட்டுகிற பச்சைக் கோடு நகராமல் நின்று, நின்று, அப்புறம் நகர்ந்தது. வந்துவிட்டது.

"விசாவுக்கு இது போதும்," என்றாள் கோமதி. அழுகையும் சிரிப்புமாக அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கும் போல," என்றேன். "அடுத்தது எது?"

"தாலி கட்றத எடுத்துடுங்க சார்," என்று கெஞ்சினார் ஏகாம்பரம். "தாலி இல்லாத ஆல்பம் போட்டுக் குடுத்தான்னு ஊரே சிரிக்கும். எம்பேரு கெட்டுடும்."

அம்மாவும் அதையே சொன்னார். கோமதி மட்டும் பேசவில்லை. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"சார், கடைசியா ஒண்ணு எடுத்தாங்க. எல்லாரும் பந்திக்குப் போன பிறகு. காலையில ஒன்பதரைக்கு மேல இருக்கும். அத எடுக்க முடியுமா?"

"ஏய், அது இன்னாத்துக்குடி இப்ப?" என்று சட்டென்று கோபப்பட்டார் அம்மா. "போய் தாலிய எடுக்கச் சொல்லு."

"அது என்ன படம்மா?" என்று கேட்டேன்.

கோமதி சொன்னாள். கல்யாணம் முழுக்க அம்மா மேடைக்கு வரவில்லை. புருஷன் இல்லாதவள் சுபகாரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்று யாரும் சொல்வதற்கு முன்பே, அவராகவே சமையல் கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். யார் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் மண்டபம் காலியானதும் கோமதி மாலையோடு சமையல் கட்டுக்கு ஓடிப்போய், கரண்டியும் கையுமாக இருந்தவரை இழுத்துக்கொண்டு வந்து மேடையில் நிறுத்தி, ஏகாம்பரத்தை எடுக்கச் சொல்லியிருக்கிறாள். ஒரே ஒரு கிளிக். அதற்குள் அம்மா இறங்கிவிட்டார்.

இட்லி சுட்டுச் சுட்டு அந்தப் பெண்ணை மேடை வரைக்கும் கொண்டுவந்தவர் அவர். அவருக்கு அந்த மேடையில் இடம் இல்லையாம். இது எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள் பிள்ளைகளே, நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்? கூப்பிட்டவர் ஏகாம்பரம். அவருடைய தொழில், அவருடைய பெயர். பெரியவர் அந்த அம்மா. அவரும் தாலி என்கிறார். அந்தக் கல்யாணத்துக்குச் சொந்தக்காரி கோமதி. கம்ப்யூட்டர் யாருடையது என்று பார்க்கக் கூடாது, உள்ளே இருப்பது யாருடையது என்று பார்க்க வேண்டும். நான் அதைத்தான் பார்த்தேன்.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க," என்று ஏகாம்பரத்திடம் சொல்லிவிட்டு, ஒன்பதரைக்குப் பிந்திய அந்த ஒரே ஒரு எண்ணை எடுத்தேன். டிக் என்றது. மறுபடியும் டிக். ஏகாம்பரமே, "சிவ சிவா, சிவ சிவா" என்று முணுமுணுத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வந்தது.

திறந்து காட்டினேன். துணி விரித்த நாற்காலிகள் கலைந்து கிடக்கிற மேடை. கோமதி அம்மாவின் தோளை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அம்மாவின் முந்தானையில் சாம்பார்க் கறை. கண்கள் பாதி மூடியிருக்கின்றன. வாய் மட்டும் வெட்கப்பட்டுச் சிரிக்கிறது. அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஐய, எப்டி இருக்கேன் பாரு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு தாலிக்குப் போனேன். டிஸ்க் டிக் டிக் டிக் என்று விடாமல் அடித்தது. ஒரு விசில் மாதிரி இழுத்தது. சுற்றுவது நின்றது. அணைத்துப் போட்டேன், ஆறவைத்துப் போட்டேன், அடுத்த வாரமும் போட்டுப் பார்த்தேன். அப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை.

ஏகாம்பரம் பாஸ்போர்ட் படம் போடுகிற பிரிண்டரில் பளபளப்புக் காகிதம் வைத்து, வந்த படங்களையெல்லாம் அச்சடித்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அம்மாவும் பொண்ணும் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துச் சென்னைக்குப் போனார்கள்.

மறுநாள் மதியம் கோமதி போன் செய்தாள். விசா கிடைத்துவிட்டது. "போட்டோவ பாத்தாங்களா?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"இல்ல சார். எங்க போறீங்க, வீட்டுக்காரரு எங்க வேலை பாக்குறாருன்னு ரெண்டு கேள்வி கேட்டாங்க. அவ்ளோதான். கவர பிரிக்கவே இல்ல."

ஏகாம்பரத்திடம் சொன்னபோது மனுஷன் கொதித்துப்போனார். "தொறந்துகூட பாக்கலையா? நான் அன்னிக்கி உயிர கையில புடிச்சுக்கிட்டு நின்னேனே சார்!" என்று ஒரு வாரம் புலம்பினார். தாலி கட்டுகிற படம் மாப்பிள்ளையின் சித்தப்பா வைத்திருந்த சின்ன பிலிம் கேமராவில் ஒன்று கிடைத்தது. கோமதி சொன்ன மாதிரியே அதில் அவள் ஜடை மட்டும்தான் தெரிந்தது. ஏகாம்பரம் அன்றிலிருந்து எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் ஏற்றிவைக்க ஆரம்பித்தார். எங்காவது டிக் என்று கேட்டால், தட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடுவார். பாதி நேரம் அது நிஜப் பல்லியாகவே இருக்கும். பரவாயில்லை, போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன்.

ஆகவே, டிஸ்க் சத்தம் போட்டால் முதலில் அணையுங்கள். முரண்டு பிடிக்கிற இடத்தில் மல்லுக்கட்டாதீர்கள், தாண்டிப் போங்கள். எதை முதலில் எடுப்பது என்று நீங்களாக முடிவு பண்ணாதீர்கள். பின்னால் பேசாமல் நிற்கிற ஆளையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் கேளுங்கள்.

கோமதி விமானம் ஏறிப் போன பிறகு ஒரு நாள் அந்த அம்மா என் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், அந்தக் கடைசி போட்டோ ஒங்க கம்ப்யூட்டர்லயும் இருக்குதா? ஸ்டூடியோக்காரர கேக்க வெக்கமா இருக்குது."

"இருக்கும்மா. ஒண்ணு போட்டுத் தர்றேன். பர்ஸ்ல வெச்சுக்கிற மாதிரி சின்னதா போடட்டுமா?"

"இல்ல சார், பெருசா வேணும்," என்று இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். "கடையில, கல்லாவுக்கு மேல மாட்டணும். கிரிவலம் போறவங்க எல்லாரும் பாக்குற மாதிரி."

அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

"எம்பொண்ணு கல்யாணத்துல நானும் மேடையில நின்னேன்னு தெரியணும்ல சார்," என்றார்.